காகிதத்தில் சிக்காத படபடப்பு

பிறவியிலேயே இதயத்தில் இருந்த ஓட்டையைச் சின்ன வயதிலேயே அடைத்தாயிற்று. முப்பத்தாறு வயதில் இப்போது நினைத்த நேரத்தில் நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறது; ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் அடங்கிவிடுகிறது. அந்த ஓட்டம் ஈ.சி.ஜி. காகிதத்தில் பதிந்தால்தான் என்ன கோளாறென்று தெரியுமாம். நாலாவது முறையாக, பழைய தழும்பைச் சுற்றி ஒயர்களோடு அவன் படுத்திருக்கிறான். இயந்திரம் சாதுவாகக் கோடு போடுகிறது. "எங்கம்மா முன்னாடி நீங்க போடுவீங்களே, அதே நல்ல பிள்ளை வேஷம் உங்க நெஞ்சுக்கும்," என்கிறாள் மனைவி. "சிரிக்க வைக்காதடி." "கழட்டிடலாமா?" என்று நர்ஸ் முதல் ஒயரைத் தொடுகிறாள். அவன் முகம் வெளுக்கிறது. மனைவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறான். "வந்துடுச்சு." கோடு கன்னாபின்னாவென்று எகிறுகிறது. எது வரக்கூடாதென்று ஆறு மாதமாகத் தூங்காமல் கிடந்தாளோ, அதனிடமே இப்போது கெஞ்சுகிறாள்: "போயிடாத. காகிதம் வெளிய வர்ற வரைக்கும் இரு."