மூன்றாவது வழி

"தூரம் கம்மியான வழி, சீக்கிரம் போற வழின்னு ரெண்டு போதாதாம்மா? ஓடிட்டிருக்கிற புரோகிராம்ல கை வைக்காதீங்க!" போனில் எரிந்து விழுந்தார், வழிகாட்டும் ஆப்பின் முதலாளி.

புரோகிராமர் விடுவதாக இல்லை. "வழி தேடுற முறை ஒவ்வொண்ணும் தனித்தனி கிளாஸா, புரோகிராம்ல தனித் துண்டா இருக்கு சார். புதுசா ஒண்ணு எழுதிச் சொருகினாப் போதும். பழசுல ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம்."

"உங்க புது வழி ஊரையே சுத்துது. யாரும்மா போவாங்க?"

"நாளைக்கு அதுலயே உங்க ஆபீசுக்கு வந்து காட்டுறேன்."

மறுநாள் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தாள். தாமதத்தைச் சொல்லிக்காட்டக் கடிகாரத்தைத் தொட்டவர், அப்படியே கையை இறக்கிக்கொண்டார்.

"யாரு போவாங்கன்னு கேட்டீங்களே சார்?" சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டாள். "படியே இல்லாத வழி. நான் வந்துட்டேன்."