பச்சைத் துண்டு

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரே மதுக்கடைக்குள் திரண்டுவிட்டது. பத்து வருடங்களுக்கு முன் கலைந்துபோன ரிபால்தா கால்பந்து கிளப்பை மறுபடி தொடங்குவதா, மைதானத்தைக் கார் நிறுத்தக் கொடுத்துவிடுவதா என்று இன்று முடிவாக வேண்டும். கூட்டத்தைக் கூட்டிய நூரியா, கிளப்பின் பழைய துண்டோடு முன்னால் வந்து நின்றாள்.

"செத்ததைத் தோண்டி என்ன ஆகப்போவுது? விட்டுத் தள்ளு நூரியா," என்றார் கடைக்காரர்.

மூலையில் வெர்மூத் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேசையைக் குத்தி எழுந்தார்.

"வாயைக் கழுவுய்யா! எழுபத்தொண்ணுல கோல்கீப்பர் ஹிலாரியோ சேத்துல வழுக்கி விழுந்தானே, அந்த மண்ணுலயா கார் நிறுத்துவீங்க? கடைசி நிமிஷத்துல பௌலினோ அடிச்ச பெனால்டி கோயில் மணியில போய் மோதுச்சே, அதெல்லாம் மறந்துபோச்சா?"

கடைக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை கைகளும் உயர்ந்தன. "ரிபால்தா! ரிபால்தா!" என்று கூரை அதிர்ந்தது.

நூரியா ஓடிப்போய்ப் பெரியவரைக் கட்டிக்கொண்டாள். "நீங்கதான் தாத்தா முதல் உறுப்பினர்!" என்று கிளப்பின் பச்சைத் துண்டை அவர் கழுத்தில் போடப்போனாள்.

பாம்பைக் கண்டதுபோல் துள்ளி விலகினார் அவர்.

"ஐயய்யோ, அந்தப் பச்சையை அப்பால எடு! நாங்க பரம்பரையா சிவப்பு. ஆத்துக்கு அக்கரை, மொந்தால்வா ஊர்க்காரன்!"

"எதிரி டீமா? அப்புறம் எங்களுக்காக எதுக்கு இந்தக் கத்து கத்துனீங்க?"

"கத்தாம? நீங்க கலைஞ்சதுலேர்ந்து நாங்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையேம்மா!"