ஐரிஸில் பாதி

சின்ன மருமகள் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தாள். பெரிய மருமகள் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள். ஓரகத்தி கையில் கத்தி இருக்கும்போது பக்கத்தில் நிற்க அவள் தயாராக இல்லை.

"செடிக்குத்தான் அக்கா. துடைக்காம வெட்டினா கிழங்கு அழுகிடும்" என்றாள் சின்னவள்.

வீடும் நகையும் எப்படியோ பிரிந்துவிட்டன. மிச்சம் இருந்தது மறைந்த மாமனார் வளர்த்த ஒரே ஒரு ஐரிஸ் பூச்செடித் தூர்தான். ஊரில் வேறெங்கும் இல்லாத கருநீலம். மலர்க் கண்காட்சியில் ஒன்பது வருஷம் அவருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த செடி. இனி அது யார் தோட்டத்தில் பூக்கிறதோ, அவர்களுக்குத்தான் கோப்பை.

பூத்திருக்கும்போதே பிரிக்கலாம் என்றாள் பெரியவள். பூ முடிந்து ஆறு வாரம் போகட்டும் என்று தள்ளிப்போட்டாள் சின்னவள். அந்த ஆறு வாரமும் பெரியவள் செடி இருக்கிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்த்தாள்.

சின்னவள் மண்ணைத் தளர்த்தித் தூரை மெல்லத் தூக்கினாள். நடுவில் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு மொட்டைக் கிழங்கு. அதன் பக்கத்தில் விரல் அளவில் இரண்டு பிஞ்சுகள், தலையில் இலைகளோடு. அவற்றை வெட்டிப் பிரித்து, இலைகளை ஒரு சாண் விட்டு நறுக்கி, பிஞ்சுகளை நீட்டினாள்.

"இதை எடுத்துக்கோங்க அக்கா. பெரிசு ஒரு தடவை பூத்தாச்சு, இனிமே பூக்காது. இதை முதுகு வெளிய தெரியுற மாதிரி மேலாக நடுங்க, போதும்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. காதில் பூச்சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? நறுங்கல் இரண்டைத் தள்ளிவிட்டு, இவ்வளவு பெரியதை அமுக்கப் பார்க்கிறாளே.

"நான் மூத்தவ. பெரிசு எனக்கு."

வேண்டாம் அக்கா, வீணாகிவிடும் என்று சின்னவள் கெஞ்சினாள். அவள் குரல் தழுதழுத்ததும் பெரியவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. கிழங்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்னவளின் கணவனுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணி பாவம், நீ இவ்வளவு உண்மையாகச் சொல்லியும் அவர் நம்பவில்லையே, நான் ஓடிப்போய் இன்னொரு தடவை சொல்லட்டுமா என்று செருப்பை மாட்டினான்.

சின்னவள் இரண்டு பிஞ்சுகளையும் வெயில் படுகிற இடத்தில் நட்டு முடித்து, கை மண்ணைத் தட்டினாள்.

"சும்மா இருங்க. நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே உண்மையைச் சொன்னேன்."