அக்காவுக்குப் பாதி லேபர்

ஸ்பேனரின் மேல் ஏறி நின்று உன்னினாள். நட்டு அசையவில்லை.

நேற்று மெக்கானிக் கழற்றி மாட்டிய நட்டு இப்படியா அடம்பிடிக்கும்? ஆம்பளைக் கை, அழுத்தி இறுக்கியிருப்பான் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து டாக்சியை எடுத்து இரண்டு தெருகூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தி ஜாக்கி போட்டாயிற்று. ஒன்பது வருடமாக டாக்சி ஓட்டுகிறவளுக்குச் சக்கரம் கழற்றுவது புதிதில்லை. இப்படிப் பயந்துகொண்டு கழற்றுவதுதான் புதிது.

போன வாரம் சிக்னலில் பிரேக்கை மிதித்தாள், வண்டி கேட்கவில்லை. தடியூன்றிச் சாலையைக் கடந்துகொண்டிருந்த கிழவருக்கு ஒரு சாண் தள்ளி வந்துதான் நின்றது. அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அத்தனையும் நியாயமான திட்டு.

இத்தனைக்கும் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இதே ஒர்க்‌ஷாப்பில் புது பிரேக் பேடுக்குப் பணம் கொடுத்திருந்தாள்.

டாக்சி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் உண்டு. எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பார், அதனால் பெயரே வக்கீல் என்று ஆகிவிட்டது. அவர்தான் யோசனை சொன்னார். பழைய பேடின் ஓரத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டு வண்டியை வேலைக்கு விடு. வேலை முடிந்து வந்ததும் கழற்றிப் பார். பொட்டு இல்லையென்றால் மெக்கானிக் நல்லவன். இருந்தால் உன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான்.

அவள் தயங்கினாள்.

"ஏம்மா, ஒரு மெக்கானிக்கைச் சந்தேகப்பட இவ்வளவு கூச்சமா? நீ என்ன அவனுக்குப் பொண்ணா குடுக்கப் போறே?" என்று வக்கீல் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. முந்தாநாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பொட்டை வைத்தபோது, திருடுகிறவள் போலத் தெருவை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

இன்று போனால் வண்டி கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி நின்றது. மெக்கானிக் ஓடி வந்து ஸ்டூலைத் தட்டிப் போட்டான், டீ வரவழைத்தான். பில்லில் லேபர் தொகையைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் பாதியாக எழுதினான்.

"அக்காகிட்ட முழு லேபர் வாங்குனா எனக்குச் சோறு இறங்குமா?"

அவளுக்கு மனம் குளிர்ந்துதான் போனது. பழைய பேடைக் கேட்டாள். பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். தேய்ந்து தகடாகிப்போன பேடுகள். ஒன்றிலும் பொட்டு இல்லை.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் பொட்டு வைத்த பேடல்லவா கைக்கு வந்திருக்க வேண்டும்? பெட்ரோலில் கழுவியிருப்பான், அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முதல் திருப்பத்தில் பிரேக் கீச்சென்றது. புது பேட் கொஞ்ச நாள் அப்படித்தான் கத்தும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைத்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல்தான் ஓரங்கட்டினாள்.

கடைசி நட்டும் கழன்றது. சக்கரத்தை இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருக்கக் கூடாது. இருக்கவே கூடாது.

திறந்தாள். பேடின் ஓரம் முழுக்கக் கறுப்புத் தூசி. விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

சிவப்பு தெரிந்தது.

அடப்பாவி! செய்யாத வேலைக்குப் பாதிக் கூலி! அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும் போனது. பணம் போனால் போகிறது, நாலு சவாரியில் சம்பாதித்துவிடலாம். கிழவர் கதை முழுவதையும் அவனிடம் சொல்லித்தானே வண்டியை விட்டாள்? அப்போது ஐயையோ என்று வாயில் கை வைத்தவன்தானே இவன்? எல்லாம் தெரிந்தும் இந்த பிரேக்கோடு ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

போன் அடித்தது. அவனேதான்.

"பிரேக் எப்படிப் பிடிக்குதுக்கா?"

அவள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

"நாளைக்கு அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இதுலதான்டா கூட்டிட்டுப் போகப்போறேன். போகலாம்ல?"

அந்தப் பக்கம் டயருக்கு ஏர் அடிக்கிற ஓசை கேட்டது.

"தாராளமா கூட்டிட்டுப் போக்கா," என்றான்.

கடைக்கு வருகிற பெண்களையெல்லாம் அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான்.