பூலியன் பாடம்

“பஸ் வரலைங்க சேர்.”

பிந்தி வந்து வாசலில் நின்ற கிருஷ்ணகுமாரி இப்படிச் சொன்னதும் கஜீபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே, சிங்கள ஊரான எஹலியகொட பஸாருக்குக் கம்பியூட்டர் படிப்பிக்க வந்தவன் அவன். காலையில் தேத்தண்ணீர்க் கடையிலிருந்து கண்ணாலேயே பார்த்தான். பஸ் வந்தது. இவள் இறங்கினாள். இறங்கி, இரண்டு பொலிஸ்காரர்களோடு சிங்களத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றாள். அது யுத்த காலம்; பொலிஸைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவன் அவன். இவளுக்கு அவர்களோடு என்ன கொண்டாட்டம்?

“அங்கேயே நில்லும்!”

அன்றைய பாடம் கம்பியூட்டர் நிரலில் வரும் பூலியன் மாறி. கரும்பலகைப் பக்கம் திரும்பினான்.

“எல்லாரும் கவனியுங்கோ. இந்த மாறிக்குள்ள ரெண்டில ஒண்டுதான் இருக்கும். ட்ரூ, இல்லாட்டி ஃபோல்ஸ். நடுவில ஒண்டும் கிடையாது. கம்பியூட்டருக்குச் சாட்டுச் சொல்ல ஏலாது.”

சோக் உடைய உடைய எழுதினான்.

பஸ் வந்தது = ட்ரூ
குமாரி சொன்னது = ஃபோல்ஸ்

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“உம்மட அம்மா விடிய எழும்பி றப்பர் பால் வெட்டி உம்மைப் படிக்க அனுப்புறா. நீர் பொலிஸ்காரரோட பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிட்டு, என்னட்ட வந்து பொய் சொல்றீர். வெக்கமா இல்லையோ?”

அவள் கண் கலங்கியது. “மன்னிச்சிருங்க சேர்” என்றாள். காரணம் சொல்லாத அந்த மன்னிப்பு அவனை இன்னும் கிளறிவிட்டது.

“பொய் சொல்றவைக்கு என்ர வகுப்பில இடமில்லை. இனி வரவேண்டாம். போம்!”

போகத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் அவளோடு கதைத்த இருவரில் ஒரு பொலிஸ்காரர் படியேறி வந்துகொண்டிருந்தார். உள்ளே வந்தவர் கஜீபனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா யாழ்ப்பாணம் மாஸ்டர்?” அவருக்குத் தமிழ் அரைகுறை. “இங்க சொந்தக்காரன் இல்லாத ஆள் எல்லாம் ஸ்டேஷன் கொண்டு போக ஓடர். ஆனா இந்த நங்கி, இந்தப் பொண்ணு, காலையில சொன்னது, நீ அவ அம்மாவோட தம்பி, அவங்க தோட்டத்து லயத்துலதான் இருக்கிறதுன்னு. அது உண்மையா?”

கஜீபன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையைத் தூக்கவில்லை. வகுப்பு முழுவதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ட்ரூ, சேர்” என்றான் கஜீபன்.