மேசைக்காலின் தட்டல்

மாயக்கதைத் தொடரின் மூன்றாம் பாகத்தை எழுதும் நிறைமதி, தினமும் எழுதிய பக்கத்தை மேசைக்கடியில் படுத்திருக்கும் நாய் சுண்டுவுக்கு வாசித்துக் காட்டுவாள். அதன் வால் மேசைக்காலில் தட்டினால்தான் பக்கம் தேறும். சுண்டு செத்த பிறகும் வாசித்தாள். சற்றுக் காத்திருந்து, கிழித்துப் போட்டாள்.

“இன்னைக்கு யாளி கடலைத் தாண்டுதுடா. இதையும் கிழிச்சிடுவா. நீ கொஞ்சம் தட்டேன்,” என்று மேசைக்காலிடம் பேனா கெஞ்சியது.

“எனக்கு ஏது வால்?”

“ஆடவாவது தெரியுமில்ல?”

அவள் வாசித்து முடித்ததும் மேசைக்கால் ஆடித் தரையில் தட்டியது. சட்டென்று குனிந்தாள். சுண்டு படுத்திருந்த இடத்தைத் தடவினாள். பிறகு அந்தப் பக்கத்தை மடித்து, ஆடும் காலுக்கு அடியில் செருகினாள்.

“பக்கம் தேறிடுச்சாடா?” என்றது பேனா.

மேசைக்காலால் இப்போது ஆட முடியவில்லை.