இரண்டாவது அடி

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும், விழாக் கூடாரத்தில் பித்தளை வாத்தியங்களும் வாயடைக்கின்றன. கூடாரத் துணியை ஊடுருவிய செப்டம்பர் வெயில், மேடையில் கிடக்கும் மரப்பீப்பாயின் பெரிய வயிற்றில் மஞ்சள் பூசுகிறது. பவேரியாவின் இந்தச் சின்ன ஊருக்கு முதல் பெண் மேயராக வந்திருக்கும் வால்புர்கா, மரச்சுத்தியலோடு அதன் எதிரே நிற்கிறாள். அவள் குழாயை அடித்து இறக்கினால்தான் ஊருக்கு பீர். எத்தனை அடியில் இறங்கியது என்பதை வருஷம் முழுக்க ஊர் பேசும். போன வருஷம் பழைய மேயர் கோர்பினியன் ஒன்பது அடி அடித்து, பீய்ச்சிய பீரில் பாதிரியாரையும் சேர்த்துக் குளிப்பாட்டினார். வழக்கப்படி அவரே இப்போது தோல் ஏப்ரனை அவள் இடுப்பில் கட்டிவிடுகிறார். "இறுக்கிக் கட்டிக்கம்மா, நனைஞ்சா கனக்கும்." முன்வரிசை கொல்லென்று சிரிக்கிறது. "பத்து அடி!" என்று ஒரு குரல். "பன்னெண்டு!" என்று இன்னொன்று. வால்புர்கா திரும்பவில்லை. பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடித் தோட்டத்தில் இருபது வருஷம் முளை அடித்த கை அவளுடையது. பயந்து தட்டுகிறவர்கள் மேல்தான் பீர் பீய்ச்சும் என்று அவளுக்குத் தெரியும். பித்தளைக் குழாயைத் தக்கைமேல் நிறுத்தி, சுத்தியலைத் தோளுக்கு மேல் ஓங்குகிறாள். முதல் அடி. குழாயின் விளிம்பில் ஒரே ஒரு நுரைக்குமிழி எட்டிப் பார்க்கிறது. கூடாரமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது அடி. குமிழி போன இடம் தெரியவில்லை. "தொறந்தாச்சு!" என்கிறாள், வாத்தியங்கள் வெடிக்கின்றன. முதல் கோப்பையை நுரை தளும்பப் பிடித்துக் கோர்பினியன் கையில் கொடுக்கிறாள். பிறகு ஏப்ரனை அவிழ்த்து அவர் தோளில் போடுகிறாள்.

"அப்படியே மடிச்சு வெச்சிடுங்கண்ணே. இந்த வருஷம் காயப்போட வேண்டாம்."